மூன்று அந்தோணிமேரிகள்

சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் "அந்தோணிமேரி" என்று ஒரு முறைதான் கூப்பிட்டார். ஸ்டேஷன் பெஞ்சில் இருந்த மூன்று பெண்களும் ஒன்றாக எழுந்து, "ஏனுங்க சாமி" என்றார்கள். மூவர் கழுத்திலும் புத்தம்புதிய பித்தளைச் சிலுவை தொங்கியது.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போன இடத்தில் வக்கீல் மனைவியும், ஜவுளிக்கடைக்காரர் மனைவியும், ஓவர்சியர் மனைவியும் தத்தம் வீட்டு ஆயாவைப் பற்றிப் பெருமை பேசியதில் வந்த வினை இது. மூன்று ஆயாக்களும் ஏற்காட்டில் ஒரே காப்பித் தோட்டத்துத் துரைசாணியிடம் ஏழு வருடம் குழந்தை வளர்த்தவர்கள். மூவருக்கும் ஒரே பெயர். துரைசாணி கொடுத்த நற்சாட்சிக் காகிதத்தின் ஓரத்தில் காப்பிக்கறை இருந்ததையும் மூன்று எஜமானிகளுமே பார்த்திருந்தார்கள். அன்று வளைகாப்புச் சாப்பாடு ஒருவருக்கும் இறங்கவில்லை.

குழந்தைகளைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று வெங்கடாசலம் கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது, வயிற்றுவலி அழுகைகூட நின்றுவிட்டது என்றார் வக்கீல் மனைவி. ஆனால் துரைசாணியிடம் இருந்தவள் என்பதற்காகத்தானே மாதம் பதினைந்து ரூபாய் கொடுத்தோம், வெறும் ஆளுக்கா கொடுப்போம் என்று கேட்டபோது அவர் கண் கலங்கிவிட்டது.

பதினைந்து ரூபாய் என்றதும் ஏட்டு மாரியப்பனின் முகம் சுண்டியது. அவர் சம்பளமே அதற்கு மேல் கொஞ்சம்தான். வெங்கடாசலமும் கைக்குழந்தைக்காரர்; ஆயாவுக்கு என்ன கொடுத்தால் போதும் என்பது அவருக்கும் தெரியும். இதன் பின்னால் பெரிய கும்பல் இருக்கிறது, தலைவியைப் பிடித்தால் பிரமோஷன் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டார்.

ஜெயில் என்ற சொல்லைக் கேட்டதுமே மூவரும் உண்மையைக் கொட்டிவிட்டார்கள். அவர்கள் பெயர் அத்தாயி, சின்னாயி, ராசாத்தி. பனமரத்துப்பட்டிக்காரர்கள். தம்பி தங்கைகள், சொந்தப் பிள்ளைகள் என்று ஆளுக்கு ஏழெட்டுக் குழந்தை வளர்த்த கைகள். காகிதமில்லாமல் வேலை கேட்டுப் போனபோது மூன்று ரூபாய்க்கு மேல் யாரும் தரவில்லை. காகிதத்தைக் காட்டியதும் அதே கைகளுக்குப் பதினைந்து கிடைத்தது. காகிதமும் கள்ளக் காகிதமல்ல. அசல் அந்தோணிமேரியிடம், பெயருக்கும் காகிதத்துக்குமாக ஆளுக்கு மாதம் இரண்டு ரூபாய் வாடகை பேசி வாங்கி, மூவரும் மாற்றி மாற்றிக் காட்டியது.

"அப்போ அந்த அசல்காரி உட்கார்ந்து தின்கிறாளா?"

"இல்லீங்க சாமி. அந்தக்காளும் ஒரு ஊட்டுல ஆயாதானுங்க. மாசம் நாலு ரூபா" என்றாள் அத்தாயி.

அந்த வீட்டுக்காரரிடம் காகிதத்தை நீட்டிச் சம்பளம் கூட்டிக் கேட்டாளாம். அவர் அதைக் கையில்கூட வாங்காமல், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். வேறு வீட்டுக்குப் போகலாமென்றால், அந்தக் குழந்தை அவளைத் தவிர யார் ஊட்டினாலும் வாய் திறக்காது. விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. தனக்குத்தான் சம்பளம் கூடவில்லை, சும்மா கிடக்கிற காகிதமாவது சம்பாதிக்கட்டும் என்று வாடகைக்கு விட்டுவிட்டாள். இப்போது மாதம் அவள் நாலு ரூபாயும், காகிதம் ஆறு ரூபாயும் சம்பாதிக்கிறார்கள்.

வெங்கடாசலத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஏழு வருடம் துரைசாணி பிள்ளையை வளர்த்தவளுக்கு நாலு ரூபாயா, இந்த மாதிரிக் கஞ்சப் பிசினாரிகள்தான் ஏழைகளைக் குற்றத்தில் தள்ளுகிறார்கள் என்று மேஜையைத் தட்டினார். அந்த ஆளையும் ஐந்தாவது எதிரியாகச் சேர்க்கச் சொன்னார். ஏட்டு பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"யார் வீடு? சொல்லு."

அத்தாயி மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"உங்க ஊடுதானுங்க சாமி, அங்க எல்லாரும் ஆயான்னே கூப்படறதால, அக்கா பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."