பதினாலு சதவீதம்

கரும்புச் சக்கையிலிருந்து வண்டிகளுக்கு எரிசாராயம் எடுக்கும் ஆலை. அங்கே ஒரு தொட்டியில், ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றிச் செய்த ஈஸ்ட் ஒன்று சக்கையைத் தின்று சாராயம் கக்கிக்கொண்டிருந்தது. கள்ளுப்பானையிலிருந்து எப்படியோ வந்து விழுந்த ஈஸ்ட் ஒன்றும் பக்கத்தில் இருந்தது.

சாராயம் எட்டு சதவீதம் ஏறியதும் கள்ளு ஈஸ்ட் சொன்னது: "உடம்பெல்லாம் எரியுது. நாம கக்கினதே நம்மளக் கொன்னுடும். போதும், நிறுத்து."

"உனக்குத்தான் எரியும். நான் பன்னெண்டு வரைக்கும் தாங்குவேன். அப்படித்தான் என்னைச் செஞ்சிருக்காங்க."

"தாங்கினா என்ன தருவாங்க?"

"இன்னும் நாலு கூடை சக்கை."

"இவனல்லவா உழைப்பாளி!" என்றது தொட்டி.

கள்ளு ஈஸ்ட் அடியில் போய்ச் சுருண்டு தூங்கிவிட்டது. மற்றது தின்றுகொண்டே இருந்தது. பன்னிரண்டைத் தாண்டியது. பதினாலில் செத்தது.

மறுநாள் தொட்டியைக் கழுவி, தூங்கியதையும் செத்ததையும் ஒரே சாக்கடையில் விட்டார்கள். பதினாறு வரை தாங்கும் புது ஈஸ்ட் வந்து இறங்கியது.

"எனக்கு முன்னாடி இங்க இருந்தது எப்படி?" என்று கேட்டது.

"அதுவா? சுத்தச் சோம்பேறி" என்றது தொட்டி. "பதினாலுலயே படுத்துடுச்சு."