பைஸ்டாண்டருக்கு மெஷின் வராது

“மாமனார் தாகத்துல தவிக்கிறார், மருமக நாற்காலியில சாஞ்சு கிடக்கா. நோயாளிக்குத் துணையா நல்ல பைஸ்டாண்டர்தான் வெச்சேன்!”

ஆஸ்பத்திரி அறைக்குள் கால் வைத்ததுமே மாமியார் திரேசியா ஆரம்பித்துவிட்டாள்.

ஜிஸ்மி எழுந்து கஞ்சித் தண்ணியை மாமனாரிடம் நீட்டினாள்.

“அம்மச்சி, காலையிலேர்ந்து நெஞ்சு அழுத்துது.”

“இருபத்தெட்டு வயசுல நெஞ்சா? எனக்கு அறுபது. நான் அழுத்துதுன்னு சொன்னேனா?”

கட்டிலில் கிடந்த லோனப்பனுக்கு டெங்கு. பிளேட்லெட் முப்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தது. மழை தொடங்கியதிலிருந்து சாலக்குடி ஊரே பிளேட்லெட் ஏறணும்னு பப்பாளி இலையைப் பிழிந்து குடித்துக்கொண்டிருக்க, ஜிஸ்மிக்கு மட்டும் அது ஒன்பது லட்சம், இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு!

“கூடினாலும் ஆபத்துதான். ரத்தம் கட்டி இதயத்தை அடைச்சிடும், அது வயசு பார்க்காது” என்று அவளைப் பரிசோதித்த ரத்த டாக்டர் எச்சரித்ததை அவள் முன்பே வீட்டில் சொல்லியிருந்தாள். திரேசியா அதைக் கேட்டுவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பெருமையடித்தாள். “எங்க மருமகளை டெங்கு தொடாதாக்கும்!”

“பாதியை எனக்கு ஊத்தேன் மோளே, ரெண்டு பேரும் பிழைச்சுக்கலாம்” என்று இப்போது கட்டிலில் கிடந்தபடி லோனப்பனும் தன் பங்குக்குச் சிரித்தார்.

சிரிக்க ஜிஸ்மிக்குத் தெம்பில்லை. நர்ஸைத் தேடிப் போனாள்.

“சிஸ்டர், எனக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுக்கணும்.”

“நீங்க அந்த டெங்கு அப்பச்சனோட பைஸ்டாண்டர்தானே? பைஸ்டாண்டருக்கெல்லாம் மெஷின் வராது. கீழே போய் ஓ.பி. சீட்டு போடுங்க.”

“ஓ.பி. மூடியாச்சே?”

“அப்ப நாளைக்கு போடுங்க.”

அந்த வழியாக வந்த டியூட்டி டாக்டரை மறித்தாள். “டாக்டர், எனக்கு பிளேட்லெட் ஒன்பது லட்சம். அடைப்பு வரலாம்னு…”

“இன்டர்நெட்ல படிச்சீங்களா?”

“இல்ல. உங்களை மாதிரி ஒரு டாக்டர்தான் சொன்னார்.”

“இதோ பாருங்க, உங்க வயசுல இதெல்லாம் டென்ஷன். கேன்டீன்ல சூடா ஒரு சாயா குடிங்க, சரியாப் போயிடும்.”

அறைக்குத் திரும்பினாள்.

“என்ன சொன்னாங்க?” என்றார் லோனப்பன்.

“சாயா குடிக்கச் சொன்னாங்க.”

“பார்த்தியா! டாக்டருக்குத் தெரியாததா?” திரேசியாவுக்கு ஒரே குஷி.

“எங்கே வலிக்குது? சரியாக் காட்டு” என்றார் லோனப்பன்.

இதுவும் கேலியோ? இருந்தாலும் காட்டினாள். நடு நெஞ்சு. அங்கிருந்து இடது தாடை வரைக்கும். இடது கை விரல்கள் மரத்திருந்தன.

“ம்” என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம்தான்.

“ஐயோ, ஈசோயே! நெஞ்சு! நடு நெஞ்சு! தாடைக்கு ஏறுதே! இடது கை விரலெல்லாம் மரத்துப் போச்சே!”

ஜிஸ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணிவிடை வாங்கியது போதாதென்று, வலியையும் பிடுங்கிக்கொண்டாரே இந்த மனுஷர்!

திரேசியா ஜெபமாலையும் கையுமாக அலறினாள். சிஸ்டர் ஓடிவந்தாள். சாயா குடிக்கச் சொன்ன அதே டாக்டர் மூச்சிரைக்க வந்தார். பின்னாலேயே மெஷினும் தடதடவென்று உருண்டு வந்தது. சீட்டு எங்கே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கிழவருக்கு வலித்தால் நெஞ்சு, சின்னப் பெண்ணுக்கு வலித்தால் டென்ஷன். என்ன நியாயமோ!

“வழியை அடைக்காதீங்க, தள்ளுங்க!” சிஸ்டர் ஜிஸ்மியைச் சுவரோரம் ஒதுக்கினாள்.

டாக்டர் ஒயர்களைக் கையில் எடுத்தார். “சட்டையைக் கழட்டுங்க அப்பச்சா, சீக்கிரம்!”

லோனப்பன் சட்டையைத் தொடவில்லை. டிரிப் ஏறும் கையைத் தூக்கிப் பிடித்தபடி மெல்லக் கட்டிலை விட்டு இறங்கினார். வியர்த்து விறுவிறுத்து நின்ற ஜிஸ்மியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் படுக்கையில் படுக்கவைத்தார்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. “என்ன விளையாட்டு இது? வலிக்குதுன்னு கத்தினது நீங்கதானே?”

“கத்தினது நான்தான் டாக்டரே. வலிக்கிறது அவளுக்கு.”