கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கார்

அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில், கார் விற்கும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய சிவப்புக் கார் அழகுக்காக நின்றது. புதிதாக வந்த குட்டிக் காரிடம் அது ஓயாமல் கதையளக்கும்.

"அந்தக் காலத்துல புது மாடல் வந்தா பேண்டு வாத்தியம் முழங்கும் தம்பி. என்னைப் பார்க்க ஊரே திரளும்."

"எதுவரைக்கும் ஓடியிருக்கீங்கண்ணே?"

"இந்தக் கடையோட இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும்."

ஒருநாள் டோரதி என்ற நர்ஸ் வந்து சிவப்புக் காரையே விலைக்குக் கேட்டாள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள். அது மூச்சுவிடவில்லை.

"நடிக்காதீங்கண்ணே" என்றது குட்டிக் கார்.

"வெளியே போனா என்னை யாருடா பார்ப்பாங்க?"

டோரதி மறுபடி திருகினாள். எஞ்சின் கூச்சத்தோடு இருமிவிட்டு உறுமியது.

கடைத்தெருவில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அது கவனிக்கவுமில்லை. ஆற்றுப் பாலத்தை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.