இரண்டுக்கும் பொருந்துகிற இசை

ரயில் சிக்னலைத் தாண்டிவிட்டது. வருகிறவர் உயிரோடு வருகிறாரா, சவப்பெட்டியில் வருகிறாரா என்று பிளாட்பாரத்தில் நின்ற ஒருவருக்கும் தெரியாது.

கேட்கவும் முடியாது.

முந்தின நாள் மாஸ்கோவிலிருந்து போன் வந்திருந்தது. எங்கள் மாகாணக் கட்சிச் செயலாளர் சவேலி குஸ்மிச் நாளைப் பகல் ரயிலில் வருகிறார், தகுந்த மரியாதை செய்யவும். அவ்வளவுதான். இரண்டு மாதமாக அவர் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். "உயிரோடுதானே?" என்று கேட்டால், அவர் சாவுக்காகக் காத்திருந்தவன் என்று பெயராகிவிடும். போனை எடுத்த கலாசாரத் துறைத் தலைவர் அனுஃப்ரியெவ் பிழைக்கத் தெரிந்தவர். "ஆகட்டும், தோழரே" என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு ஷூபினைக் கூப்பிட்டனுப்பினார்.

கிளெப் பாவ்லொவிச் ஷூபின் எங்கள் ஊருக்கென்று இருந்த ஒரே இசையமைப்பாளர். அணை கட்டினால் பாட்டுப் போடுவார். அணையில் விரிசல் விட்டால் சும்மா இருப்பார். தலைவர் மாறினால் பழைய பாட்டில் பெயரை மட்டும் மாற்றுவார்; புதுப் பெயர் நீளமாக இருந்தால் ஒரு சுரம் கூடும். இப்படியே கோட்டில் இரண்டு பதக்கங்கள் ஏறியிருந்தன.

"ஒரே மெட்டு வேணும், கிளெப் பாவ்லொவிச். வேகமா வாசிச்சா வரவேற்பு. மெதுவா வாசிச்சா அஞ்சலி."

கோழிப்பண்ணைப் பாட்டுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்ட மனிதர், அன்று சாயங்காலமே தாள்களோடு எங்கள் பேண்டு வாத்தியக் குழுவின் ஒத்திகைக்கு வந்து நின்றார்.

வாசித்துப் பார்த்தோம். வேகமாக வாசித்தால் கால் தானாக ஆடியது. மெதுவாக வாசித்தபோது, டிராம்போன் ஊதுகிற ஸகார் பாதியில் கருவியை இறக்கிவிட்டு மூக்கைச் சிந்தினான். பெற்ற தாய் செத்தபோதுகூட அழாதவன் அவன்.

பிளாட்பாரத்தில் ஏற்பாடு இதுதான். ரயில் பெட்டியின் கதவருகே அனுஃப்ரியெவ் நிற்பார். அவர் தொப்பி தலையிலேயே இருந்தால் வேகம். கழற்றினால் மெதுவாக.

"கல்யாண வீடா சாவு வீடான்னு தெரியாம ஊதுறது இதுதான்டா முதல் தடவை" என்றான் ஸகார். அவன் வாயிலிருந்து வோட்கா வாடை வீசியது. பனியில் உதடு கருவியோடு ஒட்டாமலிருக்க அது மருந்து என்பான்.

ரயில் நின்றது. கதவு திறந்தது.

முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. பின்னால் சவேலி குஸ்மிச் இறங்கினார். போனதில் பாதிதான் திரும்பியிருந்தது. ஆனாலும் உயிர் இருந்தது.

வருஷக்கணக்கான பழக்கம் ஆளை விடுமா? மேலதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் அனுஃப்ரியெவின் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது. இடுப்பும் வளைந்தது.

ஷூபின் தொப்பியை மட்டும்தான் பார்த்தார். கையை மெல்லத் தாழ்த்தினார். நான் பெரிய டிரம்மில் முதல் அடியை அடித்தேன்.

நான்காவது அடியில் எங்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்துவது எப்படி? நிறுத்தினால் அது அஞ்சலிதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே உயிரோடு நின்ற மனிதருக்கு முன்னால், அவருடைய சாவை ஒரு சுரம் விடாமல் வாசித்து முடித்தோம்.

சவேலி குஸ்மிச் கைத்தடியை ஊன்றிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அனுஃப்ரியெவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஷூபினிடம் வந்தார். டிரம்மோடு பக்கத்தில் நின்றதால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"இது புதுசு இல்லையே."

ஷூபின் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்க சிம்பொனி. மூணாவது பாகம். நாப்பத்தெட்டுல ஒரே ஒரு தடவை மேடையேறுச்சு. 'மக்களுக்குப் புரியாத இரைச்சல்'னு பேப்பர்ல எழுதித் தடை பண்ண வச்சவன் நான்தான்."

"தெரியும், சவேலி குஸ்மிச்."

"மத்த பாகமெல்லாம் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன். நீங்க எழுதின பேப்பரை வச்சுத்தான் பத்தவச்சேன். இது மட்டும் பியானோவுக்குப் பின்னால விழுந்து கிடந்திருக்கு."

ஷூபினுக்கு இத்தனை வருஷ வாழ்க்கையும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது என்றே நினைத்தேன்.

சவேலி குஸ்மிச் கழுத்துத் துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கிழிந்த குரலில் ஏதோ முனகினார். இருமல் என்று நினைத்தேன். இல்லை, அது மெட்டு. நாங்கள் வாசித்தது அல்ல, வேறொன்று.

ஷூபினின் முகம் வெளுத்தது.

"ரெண்டாவது பாகம்" என்றார் சவேலி குஸ்மிச். "திட்டி எழுதணுமேன்னு ஒத்திகைக்கெல்லாம் வந்து உக்காந்திருந்தேன். அப்புறம் தலையை விட்டுப் போகவே மாட்டேங்குது. கடைசிப் பாகமும் இருக்கு. கேக்குறீங்களா?"

ஷூபின் பல்லால் கடித்துக் கையுறையை உருவினார். சட்டைப்பையில் பென்சில் இருந்தது, காகிதம் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, என் டிரம்மின் வெள்ளைத் தோலில் சுரம் எழுதுவதற்கான ஐந்து கோடுகளைக் கிடுகிடுவென்று இழுத்தார்.

"அவசரப்படாதீங்க" என்று அதட்டினார். "முதல்லேர்ந்து பாடுங்க."

எங்கள் மாகாணத்தில் அந்த மனிதரிடம் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு டிரம்மை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.