சுவரில் வலக்கை

விஷக்காய்ச்சல் வந்த வருஷம் மாணிக்கவாசகத்துக்கு உயிர் தப்பியது, வலக்கை விளங்காமல் போனது. தறியில் அவன் மனைவி கமலாட்சி வலப்பக்கம் உட்கார்ந்து, ஊடைநூல் சுற்றிய நாடாவை அவனுக்காக எறிந்தாள்.

ஆனாலும் விடிந்ததும் கொல்லைச் சுவரில் விழும் தன் நிழலோடு குத்துவரிசை பழகுவதை அவன் விடவில்லை. அவன் இடக்கையால் மட்டும் குத்துவான். நிழல் இரண்டு கையாலும் குத்தும்.

முதல் நாள் கமலாட்சி நடுங்கிப்போனாள்.

"பயந்துக்காதம்மா. எனக்கோசரம் அந்தக் கைய மறக்காம பழக்கிக்கினு இருக்குது" என்றான்.

இன்று கால் இடறி வலப்பக்கம் சாய்ந்தான். நிழல் வலக்கையை ஊன்றியது. அவன் விழவில்லை.

பயிற்சி முடிந்தால் எதிராளியைக் கும்பிட வேண்டும். அவன் இடக்கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தினான். கமலாட்சி வந்து தன் வலக்கையை அதோடு சேர்த்தாள்.

சுவரில் மூன்று கைகள் கும்பிட்டன.