பதினான்கடி ஹால்

உள்ளே இருப்பவரின் மனம் சுருங்கினால் சுவரும் சுருங்கும் வீடு அது. விவாகரத்துப் பங்குக்காக அளப்பதென்றால், ஒவ்வொருவரையும் தனியே நிறுத்தி அளக்க வேண்டும்.

அருள்தாஸ் நின்றபோது ஹால் பத்தடி. அவரை வெளியே அனுப்பி, மனைவி ஜெசிந்தாவை நிறுத்தினார் சர்வேயர் முபாரக். அதே பத்தடி.

"டேப்பை நல்லா இழுத்துப் பிடிங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

"அவருக்கும் வேலை சொல்லிக் குடுக்கிறியா?" என்று உள்ளே வந்தார் அருள்தாஸ்.

"நீங்க இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சிருப்பீங்களா?"

"அடிச்சேனே! உங்கம்மா போட்டோதான் விழுந்துச்சு."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கினாள். எதிர்ச்சுவர் விலகியது, டேப் பதினான்கடி காட்டியது.

முபாரக் குழம்பினார். "இப்ப எதை எழுதறது?"

"டேப்தான் சார் கோளாறு," என்றார் அருள்தாஸ்.

"திரும்ப அளங்க," என்றாள் ஜெசிந்தா.

இருவரும் வெளியே போகவில்லை.