ஒரு பானை ஊறல்

ஜீப் சத்தம் கேட்டதும் பாவாயி கோழிக் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். கையில் கிடைத்த வைக்கோலை அள்ளி ஒரு மூலையில் போட்டு மூடினாள். அதே வேகத்தில் திரும்பி வந்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஏட்டு சண்முகவேலும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். மதுவிலக்கு மறுபடி வந்ததிலிருந்து அவர்களுக்கு இந்தத் தோட்டம் பழகிய இடம். எருமப்பட்டி ரோட்டிலிருந்து பிரிந்து போனால், சோளக்காட்டுக்கு நடுவில், கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத தூரத்தில் ஒற்றை வீடு.

"வாங்க ஏட்டய்யா. வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிக்கறீங்களா?"

"மொதல்ல சாராய ஊறல் எங்கன்னு சொல்லுங்கக்கா."

"ஊறலா? அதெல்லாம் ஏதுங்க?"

கான்ஸ்டபிள் வெங்கடாசலம் யாரையும் கேட்காமல் நேராகக் கொட்டகைக்குள் போனார். "மாட்ட வித்து எத்தன நாளாச்சு. அப்பறம் வைக்கோல் எதுக்குங்கக்கா?" என்று சிரித்துக்கொண்டே காலால் விலக்கினார். கழுத்துவரை மண்ணில் புதைத்த பானை ஒன்று இருந்தது.

ஏட்டு குனிந்து பானையின் வாய்த்துணியை அவிழ்த்தார். வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் சேர்ந்து புளித்து ஏறிய வாசனை. யூரியாவும் பேட்டரிக் கட்டையும் போட்டு அவசரத்தில் காய்ச்சுகிற கண்ணராவிகளை மோந்து மோந்து வெறுத்துப்போன மூக்கு அவருடையது. இந்த ஒரு பானைக்கு மட்டும் அது மரியாதை கொடுக்கும்.

பாவாயியின் புருஷன் அப்புசாமி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கைப்பக்குவம் அது. ஒரு சமயத்தில் ஒரு பானைக்கு மேல் போட மாட்டார். காய்ச்சும்போது முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் கொட்டிவிட்டு, நடுவில் வருவதைச் சாடியில் அடைத்துப் புதைப்பார். ஒரு மழைக்காலம் போன பிறகு சாடியைத் திறக்கிற அன்றைக்கு, இந்த வாசலில் கயிற்றுக் கட்டில் போதாது.

அப்புசாமி போய்ச் சேர்ந்தார். மகன் வேலுமணி போர்வெல் லாரியில் மத்தியப் பிரதேசம் போனவன் போனவன்தான். கட்டில்கள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன.

"நீங்க குடிக்கறதுமில்ல, விக்கறதுமில்ல. அப்பறம் எதுக்குங்கக்கா இந்த வம்பு?" என்றார் ஏட்டு.

"கை மறந்து போயிருமில்லீங்க."

"இத ஒடைக்கத்தான் மனசு வர மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே ஏட்டு உடைத்தார்.

பாவாயி அழவில்லை. "வந்தது வந்துட்டீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று, கழுவித் துடைத்து வைத்திருந்த மூன்று இலைகளை எடுத்துப் போட்டாள்.

இது கோழிக் குழம்பு ரூபத்தில் வருகிற லஞ்சம் என்று ஏட்டுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்தார், வாசனை அப்படி. பாவாயி பரிமாறிக்கொண்டே மூச்சு விடாமல் பேசினாள். ஏட்டின் மகளுக்குக் காது குத்தியாயிற்றா, வெங்கடாசலத்தின் முதுகு வலி தேவலையா, இன்னொரு போலீஸ்காரர் ஏன் இளைத்துவிட்டார் என்று எல்லாம் விசாரித்தாள்.

ஏட்டு கையைக் கழுவிவிட்டுக் குரலை மாற்றினார். "அக்கா, இனிமே வெளையாட்டில்ல. புது இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. அடுத்த தடவ மாட்டுனா ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு. என்னால தடுக்க முடியாது."

"சரிங்க."

"உங்களுக்கு ஆகாதவன் எவனோ இருக்கறான். கெணத்து மேட்டுல வெச்சாலும், எருக்குழில வெச்சாலும், எடத்தோட சேதி வந்துருது. யாருன்னு சொல்லுங்க, கண்டிச்சு வெக்கறேன்."

"ஆகாதவங்கன்னு சொல்றதுக்காவது யாராச்சும் வந்து போவோணுமில்லீங்க."

"ஜெயிலுன்னா என்னன்னு தெரியுமாக்கா? ஒரு ரூமுல இருவது பொம்பளைங்க. ராத்திரியெல்லாம் பேச்சும் சண்டையும். கண்ண மூட முடியாது."

பாவாயியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "இருவது பேருங்களா?"

பயம் பிடித்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வாள் என்று ஏட்டுக்குத் திருப்தி. ஜீப் கிளம்பியது. புழுதி அடங்குகிற வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. தீபாவளி வந்தது, வேலுமணி வரவில்லை. சுட்டால் யார் தின்பது என்று பாவாயி பலகாரம் சுடவில்லை. நாள் முழுக்க வாய் திறக்காமல் கிடந்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் காக்கையைத் திட்டினாள். தாங்க முடியாத தனிமை அது.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் காலையில் இரண்டு சேலை, சீப்பு, திருநீற்றுப் பை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் எடுத்து வைத்து, பையை வாசல் ஆணியில் மாட்டினாள். ஒரு கோழியைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்தாள். பிறகு ரோட்டுக்கு நடந்துபோய், வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள்.

"ஏறுங்கம்மா. எருமப்பட்டிக்குங்களா?" என்றார் கண்டக்டர் தங்கசாமி.

"ஏறலீங்க தம்பி." பாவாயி படிக்கட்டுப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பாவாயி ஊட்டுல, பூவரச மரத்தடில, ஊறல் கெடக்குதுன்னு ஸ்டேஷன்ல சொல்லிருங்க. எப்பவும் போல, நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க."